பதினான்காவது வரி

கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த விஷயம் இத்தோடு முடிந்துவிடுமா என்று மார்லிஸ் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சில பள்ளிகளை நிர்வகிக்கும் சின்னப் பள்ளி மாவட்டம் ஒன்றில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி இயக்குநர் அவள். சுவர்த்திரையில் மாநிலத்தின் புதிய வழிகாட்டுதல் நீல எழுத்தில் நிற்கிறது: பயிற்சி பெறாத எவரும் குழந்தையைப் பிடித்து அடக்கக் கூடாது. அந்த வெளிச்சம், மேசையில் கிடக்கும் ஆகஸ்ட் மாதப் பயிற்சியின் வருகைத்தாளையும் நீலமாக்குகிறது. பதினான்காவது வரியில் ரோன்டாவின் பெயருக்கு எதிரே கையெழுத்து இடம் காலியாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஏழு வயது டெஸ்ஸாவைத் தரையில் அழுத்திப் பிடித்த வகுப்பறை உதவியாளர் ரோன்டாதான். தாளுக்கு அடியிலிருந்து புகைப்படம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. அதில் டெஸ்ஸாவின் மணிக்கட்டு கன்றியிருக்கிறது.

“திங்கக்கிழமை மாநிலத்துல இருந்து ஆள் வர்றாங்க. ரோன்டா ஆகஸ்ட் பயிற்சிக்கு வந்திருந்தாங்கன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே?” பள்ளி மாவட்டத் தலைவர் கர்ட் சிரித்துக்கொண்டே பேனாவை அவள் பக்கம் உருட்டுகிறார். “என்ன மார்லிஸ், பேனா கடிச்சிடுமா? வசந்தத்துல உன் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதும் என் மேசைக்குத்தான் வரும், தெரியுமில்ல?”

வெந்நீர்க் குழாய் சுவருக்குள் முனகுகிறது. அவள் பேனாவை எடுக்கிறாள். ரோன்டாவின் பெயருக்கு எதிரே காலி இடத்தில் ‘வரவில்லை’ என்று முழுதாக எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைக்கிறாள்.