டெல்லாவின் வான்கோழிகள்

விரல் ஓரங்களில் இருந்த பழுப்புக் கறை எத்தனை தேய்த்தும் போகவில்லை.

பேக்கரியில் விடிய விடியப் பூசணி வைத்த 'பை' பலகாரம் சுட்ட கை. நன்றித் திருநாளுக்கு முந்தின ராத்திரி எங்களுக்கு உட்காரக்கூட நேரம் இருக்காது. காலையில் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் விழுந்து செத்த பிணம் மாதிரித் தூங்கியிருந்தேன். கருகிய சர்க்கரையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில் டெல்லா மும்முரமாக இருந்தாள். என் கணவர் வாரனின் மகள். ஏழு வயது. திருநாளின் வான்கோழி விருந்துக்கு ஒரு வருஷம் அவள் அம்மாவிடம், ஒரு வருஷம் எங்களிடம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் முறை வந்தது இதுதான் முதல் தடவை.

ஒவ்வொருவர் கையையும் அட்டையில் விரித்து வைத்து, சுற்றிக் கோடு இழுத்தாள். கட்டைவிரல் வான்கோழியின் தலை, மற்ற நாலும் தோகை. கீழே பெயர். யாருடைய அட்டையை எந்தத் தட்டில் வைக்கிறாளோ, அவர் அங்கே உட்கார வேண்டும்.

வாரனின் கை ஆயிற்று. அவர் தம்பி க்ளிஃப் வந்து தன் தடித்த கையை நீட்டினார். அதுவும் ஆயிற்று. நாய் டியூக்கின் பாதத்தைக்கூடப் பிடித்து வரைந்துவிட்டாள்.

வெட்கத்தை விட்டு நானும் கையை நீட்டினேன்.

"உங்க கை வேணாம், கொரின்," என்றாள், தலை நிமிராமலே.

சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கின் மேல் கோபத்தைக் காட்டினேன். மசியல் அன்றைக்குப் பட்டாக வந்தது. சின்னப் பெண்தானே, விடு என்றார் வாரன். நாய்க்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்றேன். முப்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை பேசுகிற பேச்சா அது!

எல்லோரும் உட்கார்ந்தார்கள். எங்காவது ஓரமாக இருந்துகொள்ளலாம் என்று மசியல் கிண்ணத்தோடு கடைசியாக வந்தேன்.

டெல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தட்டில் ஒரு அட்டை வான்கோழி நின்றது. தோகையின் கடைசி இறகு மட்டும் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

என் சுண்டுவிரல் அப்படித்தான். சின்ன வயதில் கார் கதவில் நசுங்கியது.

கிண்ணத்தை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். பழுப்பு மைக் கோடு ஒரு விரலில் ஏறி, இறங்கி, அடுத்த விரலில் ஏறிப் போயிருந்தது.

"உங்களோடதத்தான் முதல்ல வரைஞ்சேன். தூங்கினீங்கல்ல, அதான் எழுப்பல," என்றாள் டெல்லா, மசியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

சாப்பாடு முடிந்ததும் பாத்திரங்களையெல்லாம் வாரன் தலையில் கட்டினேன். அன்று முழுக்க அந்தக் கையை நனைக்க எனக்கு மனசு வரவில்லை.