எருமைக்குப் பிடித்த பாட்டு

ஆல்பங்களை வரிசை மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தவளை பாடும், மரங்கொத்தி தாளம் போடும், அவ்வளவுதான் இசைக்குழு. முதல் ஆல்பம் முழுக்கக் கூச்சல். இரண்டாவதில் மெட்டு வந்தது. மூன்றாவதில் நடுநடுவே மழைச் சத்தத்துக்கும் இடம் விட்டார்கள்.

ஆனால் இவர்கள் மேடை ஏறினாலே கூட்டத்திலிருந்து எருமை குரல் கொடுக்கும்: “புதுசெல்லாம் யாருக்கு வேணும் தவளையக்கா? முதல் ஆல்பத்தைப் பாடு.” அது எழுந்து போனால் கூட்டமே பின்னால் போய்விடும்.

ஒருநாள், முந்தின நாள் கட்டிய பாட்டைப் பாடத் தவளை பயந்தது. “இது முதல் ஆல்பத்தில விட்டுப்போனது,” என்று சொல்லிவிட்டுப் பாடியது.

எருமை எழுந்து ஆடியது. “அப்பவே என்னமாப் பாடியிருக்கே. இப்பவும் இப்படிப் பாடினா என்னவாம்?”

மரங்கொத்திக்குச் சிரிப்பில் தாளம் தப்பியது. நான்காவது ஆல்பத்துக்குத் தவளை ‘பழைய பாடல்கள்’ என்றே பெயர் வைத்துவிட்டது.