இடிக்குமரனுக்குக் குடுமி உண்டா?

தம்பியாகப் பிறந்து அண்ணன் ஆனது எது?

யோசித்துப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. 2004 கோடை விடுமுறையில் சின்ன காஞ்சிபுரத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்: "அர்ஜுனண்ணன் எடுக்கிற ரெண்டாவது படம்."

கல்யாண வீடியோ எடுக்கும் அர்ஜுனன், போன வருஷம் தெருப் பிள்ளைகளை வைத்து 'இடிக்குமரன்' என்று ஒரு சாகச வீரன் படம் எடுத்து உள்ளூர் கேபிளில் போட்டான். இந்த வருஷம் அதன் முன்கதை. இடிக்குமரன் சிறுவனாக இருந்தபோது அவனுக்கு எப்படிச் சக்தி வந்தது என்பது. பின்னால் பிறந்த படம்தான். ஆனால் கதையில் மூத்தது.

போன வருஷ ஹீரோ, நெசவுக்கார வீட்டு உதயகுமாருக்கு இதற்குள் மீசை அரும்பிவிட்டது. அவனை ஹீரோவுக்கு அப்பாவாக்கிவிட்டார்கள். சின்ன ஹீரோ, வத்ஸலாவின் மகன் ஸுதர்சன். கோயிலில் பிரபந்தம் சொல்கிற பையன். ஒரு பக்க வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்.

"போன படத்துக்கு கிராஃபிக்ஸ் பலம். இதுக்கு நடிக்கிறவங்கதான் பலம்" என்று அர்ஜுனன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரே ஒரு சிக்கல். இடிக்குமரனுக்குக் கிராப்பு. ஸுதர்சனுக்குக் குடுமி.

படப்பிடிப்பு அன்று காலை, வாசலில் உதயகுமார் ரகசியமாகச் சொன்னது சமையலறை வரை கேட்டது.

"டேய் குடுமி, கத்திரிக்கோல் எடுத்துக்கினு வா. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

வத்ஸலா கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் இரண்டு பேரையும் காணோம். தையல் பெட்டியில் கத்திரிக்கோலையும் காணோம்.

ஸுதர்சன் குடுமியை வெட்டிக்கொண்டுவிட்டால்? கணவர் ஸௌந்தரராஜன் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். பேச மாட்டார். அவருடைய தம்பி வாசுதேவ் வேலைக்குப் போன இடத்தில் குடுமியை எடுத்துவிட்டான் என்று ஒன்றரை வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை கிடையாது. இனி பெற்ற பிள்ளையோடும் அப்படித்தானா?

ஆட்டோ பிடித்து, படப்பிடிப்பு நடக்கும் ஓரிக்கைக்குப் போனாள். பாலாற்று மணலில், கேமராவைத் தாண்டி, பிள்ளைகள் கும்பலாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் ஸுதர்சன். தலையில் துண்டு. பக்கத்தில் கத்திரிக்கோல். மணலெல்லாம் கறுப்பாக, துண்டு துண்டாக.

"ஏண்டா, உங்களுக்கெல்லாம் விளையாட்டா இருக்கா? இவன் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மாமி, வெயிலுக்குத்தான் அந்தத் துண்டு" என்றபடி உதயகுமார் அதை உருவினான்.

குடுமி முடிந்தபடியே இருந்தது.

அப்புறம்தான் மற்றவர்களைப் பார்த்தாள். எட்டுப் பையன்கள். எட்டுப் பேருக்கும் குடுமி. உதயகுமாருடையது அரக்கு நிறம்.

"பட்டு நூலு மாமி. தறியில பாவு முடிஞ்சு மிஞ்சுனது. எங்க வூட்டு கத்திரிக்கோலு தறிய வுட்டு நகராது, அதான் உங்களுது."

வத்ஸலா மணலில் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள். "இது கருநீலமாச்சே?"

"முகூர்த்தப் புடவைக்கு யாரு மாமி கறுப்பு போடுவாங்க? கேமராவுல கறுப்பாத்தான் தெரியுமாம். எனக்கு மட்டும் நீலம் பத்தல."

"முன்கதைதானேம்மா" என்றான் அர்ஜுனன். "அப்ப ஊருல எல்லாருக்கும் குடுமி. கிராப்பு பின்னாடிதான் வந்துதுன்னு கதைய மாத்திட்டேன். இவன் ஒருத்தன் மட்டும் தனியா தெரியக் கூடாதுன்னு பசங்கதான் சொன்னானுங்க."

வத்ஸலா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. அவிழ்ந்து தொங்கிய உதயகுமாரின் அரக்குக் குடுமியை இழுத்து முடிந்துவிட்டாள்.

"இவன் அப்பாவுக்குப் பயந்துண்டு இத்தனை வேலை பண்ணியிருக்கேள்."

"மாமாவுக்கா?" உதயகுமார் விழித்தான். "மாமா நேத்தே அர்ஜுனண்ணன் வீடியோ கடைக்கு வந்து, வெட்டிக்கிறதுன்னா வெட்டிக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாரே. தம்பிகிட்ட பேசாம இருந்தது போதும், புள்ளகிட்டயும் அப்டி இருக்க முடியாதுன்னாரு."

வத்ஸலா அரக்கு முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்புறம் யாருடா வெட்ட வேண்டாம்னது?"

வேண்டாம் என்றது ஸுதர்சன்.