அக்காவின் மோட்டார்

கேகாலை ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் ஓர் அறையில் மழைச் சாயங்காலம். கார் பேட்டரியில் ஓடும் சின்ன டிவிதான் அறைக்கு வெளிச்சம். ஜப்பான் கார்ட்டூனில் இரண்டு இயந்திரப் பெண்கள் சிங்களம் பேசுகிறார்கள். மூத்தது தன் நெஞ்சைத் திறந்து, மோட்டாரைக் கழற்றித் தங்கையிடம் நீட்டுகிறது. தங்கை அதைத் தனக்குள் பொருத்தியதும் உடம்பெல்லாம் வெள்ளையாய் எரிகிறது. ஒரே குத்தில் மலை பிளக்கிறது. தங்கை படிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டுப் பால்வெட்டப் போன ஜெசிந்தா, விரல்களில் காய்ந்த ரப்பர் பாலை உரித்தபடி கேட்கிறாள். "அதுக்கு எப்புடி சரோன் அம்புட்டு பலம் வந்துச்சி?" "அக்காவோட மோட்டாரையும் சேத்துப் போட்டுக்கிருச்சி," என்கிறாள் சரோன். சொன்னதும் பார்வை அக்காவின் விரல்களுக்குப் போகிறது. இன்று மதியம் சரோன் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பார்சலோடு, வேலை முடிந்த கையோடு, இதே அக்கா டவுன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். ரப்பர் வாடைக்கு மூக்கைப் பொத்திய தோழிகள் யாரென்று கேட்க, "எங்க தோட்டத்து ஆளு," என்றாள் சரோன். அது அக்காவின் காதிலும் விழுந்தது. "அப்ப மூத்தது?" என்கிறாள் ஜெசிந்தா, டிவியைப் பார்த்தபடி. "அது நின்னுருச்சிக்கா." திரையில் மூத்தது கண் மூடிக் கிடக்கிறது. அதைத் திரும்பிப் பார்க்காமல் தங்கை வானத்தில் ஏறுகிறது. தகரத்தில் மழை இரைகிறது. சரோனின் காது மடல்கள் சுடுகின்றன. "அக்கா, மத்தியானம் நான்..." ஜெசிந்தா விரல்களைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைக்கிறாள். "இனிமே குளிச்சிட்டு வாறேன்டி," என்கிறாள்.