ரெண்டு தரம்

பையிலிருந்து ஒழுகிய ஐஸ் தண்ணீர் லேப் மேசையைத் தாண்டி ரிஜிஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பையில் வஞ்சிரம். விடிகாலையில் கரைக்கு வந்தது.

"நாளைக்கு ஃபிஷ் டெஸ்ட்டுக்குப் போகணும்பா" என்று மகள் சொன்னபோது அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. காசிமேட்டில் நாற்பது வருஷமாக மீன் ஏலம் விடுகிறவர், மீனைப் பற்றி இன்னொருத்தரிடம் கேட்பதா? நுரையீரல் வியாதிக்கு மீனை வைத்து ஏதோ பார்க்கிறார்கள் போல. நல்லதாகக் கொண்டுபோவோம்.

மகள் துப்பட்டாவால் ரிஜிஸ்டரை ஒற்றி எடுத்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

லேப் டாக்டர் நஸ்ரீன் வெளியே வந்து பையை எட்டிப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு விளக்கினார். இந்த ஃபிஷ் மீன் இல்லை. நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்றின் முதலெழுத்துகள். போன வாரம் அவர் நெஞ்சில் ஊசி விட்டு எடுத்த சதையில் ஜீன்களை எண்ணிப் பார்க்கிற சோதனை.

"எண்ணுவீங்களா?"

வெட்கம் அந்த இடத்திலேயே போய்விட்டது. கூடையை ஒரு பார்வை பார்த்து இத்தனை சங்கரா மீன் என்று சொல்கிற ஆள். நானும் எண்ணிப் பார்க்கலாமா என்றார். மறுத்தால் வஞ்சிரத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார் போலிருந்தது.

இருட்டறை. மகள் பின்னால் நின்றாள். அவர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

கறுப்பில் நீல உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு செல்லாம். உள்ளே பச்சைப் புள்ளிகள், சிவப்புப் புள்ளிகள்.

பச்சை இரண்டு. சிவப்புதான் அவர்கள் தேடுகிற ஜீன்; அதுவும் இரண்டுதான் இருக்க வேண்டுமாம். அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று.

"எங்கப்பன் எதையுமே ஒண்ணுக்கு மேல குடுத்ததில்ல" என்றார்.



பச்சையை எண்ணினார். இரண்டு. அடுத்த உருண்டையிலும் இரண்டு.

சிவப்பை எண்ண வேண்டியிருக்கவில்லை.

தார்ப்பாயில் நெத்திலியைக் கூறு கட்டிய மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று. பதினைந்துக்குக் குறையாது. இந்த ஒரு தடவை தன் கண் தப்பாக இருந்தால் தேவலை என்று நினைத்தார்.

"இன்னாம்மா, இது நல்லதா கெட்டதா?"

இதே கேள்விக்குப் பெரிய டாக்டர், ரிப்போர்ட் வரட்டும் என்றிருந்தார். மகள், பார்த்துக்கலாம் என்றிருந்தாள். நஸ்ரீன் இப்போது குமிழைத் திருகி வெளிச்சத்தைச் சரிசெய்தார்.

அது சரியாகத்தான் இருந்தது.

"ஒரு தரம்" என்றார் அவர்.

ஏலக் குரல். இருமலில் பாதிதான் வெளியே வந்தது.

நஸ்ரீன் அந்த ஜீனின் பெயரைச் சொன்னார். ஆளுக்கு ஆள் மாறும் என்றார்.

"ரெண்டு தரம்."

நஸ்ரீன் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"கெட்டதுதான் ஐயா. வேகமா வளர்ற ரகம். ஆனா இப்படிக் கூட்டமா இருந்தாத்தான் கேக்குற மாத்திரை ஒண்ணு இருக்கு. நிறைய பேருக்குக் கேக்குது. எத்தனை மாசத்துக்குன்னு எனக்குத் தெரியாது."

ஏலத்தை முடிக்கிற மூன்றாவது தரத்தைச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.