மாட்டு வருஷம்

"சூஹா, பஹுத் சாலாக்!" என்று கதையை முடித்தான் லியு. எலி பெரிய கெட்டிக்காரன் என்றதும் ஸ்டோரே சிரித்தது.

லியு, லிஃப்ட் மாட்ட வந்த சீனாக்காரன். பர் துபாயில் பாதி எழும்பி நின்ற அந்தக் கட்டடத்துக்கு வந்து ஒரு வருஷத்தில் சைட் ஹிந்தி அவனுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது. தங்கள் ஊர்ப் புது வருஷத்துக்காக ஒரு சிவப்புக் காலண்டரைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியவன், அதிலிருந்த பன்னிரண்டு மிருகங்கள் எப்படி வந்தன என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

வானத்து ராஜா ஒரு போட்டி வைத்தாராம். ஆற்றைக் கடந்து முதலில் வந்துசேரும் பன்னிரண்டு மிருகங்களுக்கு ஆளுக்கொரு வருஷம். எலிக்கு அவ்வளவு பெரிய ஆற்றை நீந்தத் தெம்பில்லை. ஓசைப்படாமல் மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டது. மாடு மூச்சிரைக்க நீந்திக் கரையை நெருங்கியதும், எலி ஒரே தாவாகத் தாவி ராஜாவின் காலடியில் போய் விழுந்தது. முதல் வருஷம் எலிக்கு. மாட்டுக்கு இரண்டாவது.

"போன வருஷம் எலி. இந்த 2009 மாடு. நீ பொறந்தது எப்போ?"

"எழுபத்திரண்டு" என்றான் ஸ்டோர் உதவியாளன் விஜயபாஸ்கர்.

லியு காலண்டரில் விரலை ஓட்டினான். "சூஹா!"

மறுபடியும் சிரிப்பு.

"எலின்னா என்ன மட்டமா? மாடுதான் மடசாம்பிராணி. முதுகுல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான், அதுகூடவா தெரியாம நீந்தும்?" என்றான் விஜயபாஸ்கர். "கார்மேகண்ணே, நீங்க என்ன மிருகம்?"

கார்மேகம் ஸ்டோர்கீப்பர். அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம்.

"சுதந்திரம் வந்து ரெண்டாவது மாசியில பொறந்தேன்னு எங்காத்தா சொல்லும்."

"அப்ப நாற்பத்தொன்பது. நீங்கதாண்ணே மாடு!" என்றவன், சட்டென்று நிறுத்தினான். "பாஸ்போர்ட்டுல அம்பத்திமூணுல்ல இருக்கு?"

"பம்பாய் ஏஜென்ட் பண்ணுன வேலை. நாலு வயசைக் குறைச்சாத்தான் விசா கிடைக்கும்னான். அப்படியே ஓடிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். விஜயபாஸ்கர் மனசுக்குள் கணக்குப் போட்டான். இந்த மாசியோடு அறுபது. அறுபது ஆனவர்களுக்குக் கம்பெனி விசா புதுப்பிக்காது.

கார்மேகம் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

அந்தச் சமயம் பணமுடையில் துபாயே சரியாக இல்லை. பக்கத்து சைட்களில் கிரேன்கள் அசையாமல் நின்றன. வாரத்துக்கு ஒரு வேன், பெட்டியும் படுக்கையுமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு கேம்ப்பிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போனது. ஸ்டோருக்கு இனி ஒரு ஆள் போதும் என்று பேச்சு அடிபட்டது. பத்தொன்பது வருஷத்து ஆளா, வந்து எட்டு மாசமான ஆளா என்று வந்தால், யாரை அனுப்புவார்கள் என்று ஜோசியமா கேட்க வேண்டும்?

ஊரில் விஜயபாஸ்கரின் மனைவி சந்தியா பிரசவித்து நாலு மாசம். மகளின் முகத்தை அவன் இன்னும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சந்தியா போனைக் குழந்தையின் வாயருகே வைப்பாள். மூச்சுச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

'அண்ணன் எப்படியும் ஊருக்குப் போக வேண்டியவர்தானே. இருக்கிறதைத்தானே சொல்லப்போகிறேன்?'

இரண்டு ராத்திரி இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டான். மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிட்டான்.

"எங்க தம்பி?" என்றார் கார்மேகம்.

"டைம் ஆபீஸுக்குண்ணே. ஓவர்டைம் சீட்டு குடுக்கணும்."

"போயிட்டு வா. டீ போட்டு வைக்கிறேன்."

டைம் ஆபீஸில் கௌஸ் முகம்மது தனியாக இருந்தார். காயல்பட்டினத்துக்காரர். ஆளெடுப்பு, ஆள்குறைப்பு எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும்.

"பாய், ஒரு விஷயம். நான் சொன்னேன்னு வெளிய தெரியக்கூடாது."

"சொல்லு."

"கார்மேகண்ணன் பாஸ்போர்ட்டுல இருக்கிற வயசு நிஜமில்ல. இந்த மாசியோட அவருக்கு அறுபது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கம்பெனிக்கு நாளைக்கு ஒரு பிரச்சினை வந்துடக் கூடாதேன்னுதான் சொல்றேன்."

கௌஸ் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். கோணல் மாணலாகத் தமிழில் கார்மேகத்தின் கையெழுத்து. தேதி, லியு கதை சொன்ன நாள்.

"முந்தாநாள் சாயங்காலமே வந்து எழுதிக் குடுத்துட்டாரு. 'எனக்கு அறுபது ஆகுது, நான் போறேன், ஸ்டோருக்குத் தம்பி இருக்கட்டும்'னு. அப்பவே ஊருக்கு அனுப்புற லிஸ்ட்டுல உன் பேரு ஏறியிருந்துச்சு. அதை அடிச்சிட்டுத்தான் அவரு பேரைப் போட்டேன்."

விஜயபாஸ்கர் தாளைக் கையில் எடுத்துப் படித்தான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. 'தம்பி வந்து என் வயசைச் சொல்லுவான் பாய். அப்புறம், தன்னாலதான் நான் போறேன்னு கிடந்து மருகுவான். பச்சப்புள்ளைக்காரன். நானா வந்து எழுதிக் குடுத்ததை அவன்கிட்டக் காட்டிருங்க'ன்னாரு."

"நான் வருவேன்னு... அவருக்கு எப்படி பாய் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'முதுகுல ஏறி உட்கார்ந்தது மாட்டுக்குத் தெரியாமலா இருக்கும்?'னு சிரிச்சிட்டே போனாரு."

கௌஸ் முகம்மது கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் விளங்கலை. உனக்கு ஏதாச்சும் விளங்குதா?"