யாரும் கேட்காமலே

ஸ்ஃபாக்ஸ் நகரத்து வலி சிகிச்சை அறையில், காலை வெயில் டாக்டர் மப்ரூக்காவின் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. "இடுப்பு வலி எப்படி இருக்கு, தலீலாக்கா?" என்கிறார். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்." நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு வருஷமாக எந்த டாக்டர் கேட்டாலும் இறைவனுக்கு நன்றி சொல்லும் இதே பதில்தான். அவர்களும் 'வலி குறைந்தது' என்று எழுதிவிடுவார்கள். அழுதால் அடுத்த அறைக்கு அனுப்பிவிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். இவரோ பேனாவை மூடி வைக்கிறார். "அது அல்லாவுக்குச் சொன்ன பதில். எனக்கு?" கைப்பை வாரைத் திருகுகிறேன். வெளியே காத்திருப்பவர்கள் இருமுகிறார்கள். அவர் அசையவில்லை. "மெதுவா சொல்லுங்க, நான் இங்கேதான் இருக்கேன்." "வலிக்குது," என்கிறேன். "குனிஞ்சு செருப்புகூட மாட்ட முடியல." அவர் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகுகிறார். மெல்லச் சாய்ந்துகொள்கிறேன். அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன், இந்தத் தடவை யாரும் கேட்காமலே.